கடல் விலகிய கடற்கரைத் தெரு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அன்பு வாசகர்களே, முதலில் 'லெபோ பந்தாய்' வீதியில் நடந்து பாருங்கள். மலாய் மொழியில் கடற்கரைத் தெரு என்பது அதன் பொருள். ஆனால் அங்கே கடல் இல்லை! 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கடலைத் தூர்த்துப் புதிய துறைமுகச் சாலை அமைத்தனர். அலைகள் அப்பால் ஒதுங்கின. தூண்கள் தாங்கும் வங்கி மாளிகைகள் மட்டும் பழைய கரையைச் சொல்லி நிற்கின்றன.

அருகிலேயே, விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் சற்றே சாய்ந்திருக்கிறது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் ஒன்றும் உண்டு: அங்கே சீட்டு வாங்கியவர்கள் படகேறி அக்கரை சென்றே வண்டி பிடித்தனர்.

எனினும் நம் கால்கள் தாமாகவே சூலியா தெருவுக்குத் திரும்பிவிடுகின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களைச் சூலியாக்கள் என்றே அந்நாளில் அழைத்தனர். அவர்தம் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் நிறுவியதே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம்மூர்ப் பள்ளிகளின் கல்தூண்களைத் தேடிச் சென்ற எனக்குச் சிறிது ஏமாற்றமே. இன்றுள்ள குவிமாடங்கள் 20-ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பில் மொகலாயச் சாயலில் எழுந்தவை. சிறியதாயினும், தெருமுனை நாகூர் தர்காவே என் நெஞ்சுக்கு நெருக்கமாயிருந்தது.

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிச் சபர் சென்ற பாட்டனார்களின் கதை உங்கள் இல்லங்களிலும் இருக்கும். பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985-இல் தீக்கிரையானதோடு அக்கடல்வழிப் போக்குவரத்து முடிந்தது.

2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும், தலைமுறைகளாகக் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்கள் காக்கப்பட்டன, குடிகளைத் திரும்ப அழைப்பார் இல்லை.

என் பாட்டனார் கடித உறைகளில் எழுதிய கதவிலக்கத்தைத் தேடினேன். இப்போது அது தங்கும் விடுதி. வாயிலில் நின்ற இளைஞர் என்னை விருந்தினர் என்றெண்ணி, அறை வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். உறையைக் காட்டினேன். முகவரியைச் சரிபார்த்தவர், நிழலான அஞ்சடியில் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அஸருக்கு பாங்கு ஒலிக்கும்வரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.