அண்டாவில் நுழையாத கை

ஆய்வு நோட்டில் 600 என்று எழுதியிருந்தேன். உலையில் வைத்தது 900.

டைட்டானியம் பொடியையும் கந்தகத்தையும் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை உருக்கி மூடி, 600 டிகிரியைத் தாண்டாமல் ஒரு வாரம் சுட வேண்டும் என்பது கைடு சொன்ன கணக்கு. எனக்கோ பத்து நாளில் கருத்தரங்கு. சூட்டை ஏற்றினால் இரண்டே நாளில் முடியுமே! முடிந்தது. பொன்னிறத்தில் மினுமினுத்தது பொடி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தப் பொடி, அதாவது டைட்டானியம் டைசல்ஃபைடு, அடுக்கடுக்கானது. அடுக்குக்குள் பிணைப்பு கெட்டி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒட்டியும் ஒட்டாத உறவு. அந்த இடுக்கில் லித்தியம் புகுந்து உட்கார்ந்தால் 5.70 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி ஏறக்குறைய 6.20 ஆகும். 1970களில் எக்ஸான் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் இதை வைத்துத்தான் மின்கலம் செய்தார். 2019 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. லித்தியத்தைப் புகுத்த நாங்கள் எடுத்தது எளிய வழி: ஹெக்சேனில் கரைந்த பியூட்டைல் லித்தியத்தில் பொடியை ஊறவைப்பது.

ஊறவைத்தேன். அடுக்குகளின் இடைவெளி விரிந்தால், எக்ஸ்ரேயில் 15.5 டிகிரி கோணத்தில் நிற்கும் முனை 14.3க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் மூன்று நாள் ஊறவைத்தேன், கரைசலை இரட்டிப்பாக்கினேன், வெதுவெதுப்பாக வைத்தேன். முனை கொஞ்சம் அகன்றது, அவ்வளவுதான்.

"பாட்டில் கெட்டுப்போச்சு சார்" என்றேன். காற்றோ ஈரமோ பட்டால் பியூட்டைல் லித்தியம் வீண். கடைசியாகத் திறந்தவன் ஜூனியர். கைடு அவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டபோது நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

புது பாட்டில் வந்தது. அதிலும் அதே கதை.

அப்புறம்தான் பழைய கட்டுரைகளைப் புரட்டினேன். சூடு மிஞ்சினால் கந்தகம் கொஞ்சம் கழன்றுவிடும். மிஞ்சிய டைட்டானியம் அதே இடுக்கில் போய் உட்கார்ந்து, மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து ஆணியடித்ததுபோல் இறுக்கிவிடும். நூற்றுக்குச் சில அணுக்களே போதும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பாள் அம்மா. நான் அண்டாவின் வாயையே அடைத்துவிட்டுக் கையைக் குறைசொல்லியிருக்கிறேன்.

மறுபடி சுட்டேன்: 600, முழுதாக ஒரு வாரம். கருத்தரங்கு போனது போனதுதான். முனை 14.3இல் வந்து நின்ற அன்று, நோட்டில் பழைய 600ஐ அடித்து, பக்கத்தில் 900 என்று எழுதி, தேதி போட்டு, கைடிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனியரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"நான் சரியாத்தான் மூடினேண்ணா. அன்னைக்கே சொன்னேனே" என்றான்.

சொல்லியிருந்தான்.