குருவி பிடிக்கப் பழகுவது

கடையில் சரக்கு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். ஏன் குறைந்தது? வரவு குறைந்ததா, வெளியே போனது அதிகமா? அதற்கு க்ளோசிங் ஸ்டாக் போதாது, ரிஜிஸ்டர் வேண்டும். பி.காம் முதல் வருஷப் பாடம்!

பாடும் பறவைகள் விஷயத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். அங்கே 1966 முதல் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. 24.5 மைல் சாலையில் 50 இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 3 நிமிஷம், பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். (கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம்.) இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான், 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019ல் ஒரு கட்டுரை வந்தது. சரி, குஞ்சுகள் குறைந்தனவா, பெரியவை அதிகமாகச் செத்தனவா? வெறும் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க 1989ல் டேவிட் டிசான்டே என்பவர் தொடங்கிய திட்டம்தான் மேப்ஸ். கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறை, விடிகாலையில், ஒரே இடத்தில் வலை கட்டுவார்கள். மாட்டும் குருவியின் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டி, வயசு பார்த்து, பறக்கவிடுவார்கள். குஞ்சுகள் எத்தனை என்பது அந்த வருஷத்து வரவு. போன வருஷம் வளையம் போட்டவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்பதிலிருந்து எத்தனை பிழைத்திருக்கும் என்று கணக்குப் போடலாம்.

கேட்க சுலபம். ஆனால் அதைச் செய்யும் கை இருக்கிறதே...

வலை 12 மீட்டர் நீளம், தலைமுடி மாதிரி நூல். குருவி எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரியாமல் இழுத்தால் சிக்கல் இன்னும் இறுகும். பிறகு பிடி: கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், முதுகு உள்ளங்கையில். புதிதாக வருபவர் பறந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்குவார். அங்கேதான் ஆபத்து. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. மார்பை அழுத்தினால் கழுத்தை நெரிப்பது மாதிரிதான். வில்சன் வார்ப்ளர் என்ற குருவி இரண்டு டீஸ்பூன் சர்க்கரை எடை கூட இருக்காது. அதை இறுக்காமலும் விடாமலும் பிடிக்க எந்தப் புத்தகமும் கற்றுத் தராது, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக வேண்டும்.

வயசு பார்ப்பது இன்னொரு வித்தை. உச்சந்தலை இறகைத் தண்ணீர் தொட்டு விலக்கினால் தோல் வழியாக மண்டையோடு தெரியும். முதிர்ந்ததில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், குஞ்சில் இருக்காது. வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருந்தால் அடைகாக்கும் பறவை. அதை வரிசையில் காக்க வைக்கக் கூடாது, கூட்டில் முட்டை ஆறிக்கொண்டிருக்கும்.

குருவியைக் காப்பாற்றக் குருவியையே வதைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பல அமைப்புகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் வருஷ ஆய்வு ஒன்றில், பிடிபட்டவற்றில் காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். குறைவுதான். ஆனால் அந்த ஒன்று கையிலேயே சாகும்போது சதவீதம் எதற்கு உதவும்?

அதனால்தான் மழை வந்தால் வலையை மூடு, வெயில் ஏறினால் மூடு என்று கண்டிப்பு. எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம், விட்டுவிடுவது. ஒரு மணி நேரமாகக் காத்திருந்து கிடைத்த குருவி கையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, கண் சொருகுகிறது என்றால், அளவும் வேண்டாம் வளையமும் வேண்டாம், உடனே கையை விரித்துவிட வேண்டும். அன்றைய ரிஜிஸ்டரில் அந்த வரியில் வளைய எண் இருக்காது.