எண்ணெய்ச் சட்டி வைக்காத வருஷம்

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் போகிற சாலையில் புதிதாக எழும்புகிற கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பியும் செங்கல்லும் தெரிகிற நிலையிலேயே முன்னால் ஒரு பூசணிக்காய் தொங்கும். அதில் முழித்த கண், முறுக்கிய மீசை, கோரைப் பல், தொங்குகிற நாக்கு. திருஷ்டிப் பூசணி.

போன வருஷம் அக்டோபரில் பேத்தியோடு அந்த வழியாக ஆட்டோவில் வந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பூசணியைப் பார்த்ததும், "தாத்தா, இங்க ஹாலோவீன் இப்பவே வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவள் 2024 பங்குனியில் காலமானாள். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுடையது தீபாவளிக்கு நோம்பு எடுக்கிற குடும்பம். அதிரசம் சுட்டு, கேதாரகௌரி நோம்புக் கயிறு கட்டிக்கொள்வோம். அவள் சுடுகிற அதிரசத்துக்கு எங்கள் தெருவில் தனிப் பெயர் உண்டு. பாகுப் பதம் பார்க்கச் சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். அந்த வருஷம் நோம்பும் இல்லை, அதிரசமும் இல்லை. துக்க வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது.

பேத்திக்கு அது புரிந்திருந்தது. ஆனால் அவளுக்கு வேறு ஒரு கவலை. மகள் குடியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகள் ஹாலோவீன் கொண்டாடுகிறார்கள். அந்த வருஷம் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை அன்று வந்தன. ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை 26ஆம் தேதி சனிக்கிழமைக்கே வைத்துவிட்டார்கள். பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக வருவார்கள். வருகிறவர்களுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதவில் மட்டும் ஒன்றும் இருக்காதே என்பதுதான் அவள் கவலை.

மகளிடம் போனில் பேசினேன்.

"அப்பா, அம்மா போன வருஷத்துல இதெல்லாம் எதுக்கு? அதுவும் இது நம்ம பண்டிகையே இல்ல. கேட்டா கடையில நாலு சாக்லேட் வாங்கிக் கொடுத்துக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் இந்தப் பேய்ப் பண்டிகை மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை. வெள்ளைக்காரன் பேயை இறக்குமதி செய்வானேன், நம் ஊர்ப் புளியமரத்தில் இல்லாததா என்று நானே கேலி பேசியிருக்கிறேன்.

ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய. இது எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்த்தேன். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்களின் நாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 2, நம்மூர்க் கல்லறைத் திருநாள். நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் அன்று சுத்தம் செய்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் இந்த நாட்களில் வீடு வீடாகப் போவார்களாம். வீட்டார் சின்னச் சின்ன ரொட்டி கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களுக்குப் பூசணி சுலபமாகக் கிடைத்தது. அப்படி வந்ததுதான் பூசணி விளக்கு.

நம் தீபாவளிக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. மகாளயத்துக்கு வந்த முன்னோர் திரும்பிப் போகும்போது வழி தெரிய வெளிச்சம் காட்டுவது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒடிசாவில் இன்றும் தீபாவளி அன்று சணல் குச்சிகளைக் கொளுத்திப் பிடித்துத் தங்கள் முன்னோரைக் கூப்பிடுகிறார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இறந்தவர்களை நினைத்துப் பிள்ளைகள் கையில் தின்பண்டம் கொடுப்பதற்குத் துக்க வருஷம் எப்படித் தடையாகும்? பண்டிகை கொண்டாடக் கூடாது, சரி. நாலு பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. எண்ணெய்ச் சட்டிதான் வைக்கக் கூடாது. பாகு வைக்கலாம்.

"கடலை உருண்டையும் பொரி உருண்டையும் செய்வோம்" என்றேன் பேத்தியிடம். "பொட்டலம் நான் கட்டித் தர்றேன்."

பொட்டலம் என்றதும் சொல்ல வேண்டும். என் அப்பா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். உத்திரத்தில் ஒரு டப்பா தொங்கும், அதற்குள் நூல்கண்டு, டப்பாவின் அடி ஓட்டை வழியாக நூல் இறங்கி வரும். காகிதத்தில் சாமானைக் கொட்டி, நாலு பக்கமும் மடித்து, நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வெட்டு இழுப்பு. கத்தரிக்கோல் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் கட்டுவேன். அவிழ்ந்துபோகிற பொட்டலம் கட்டினால் அப்பா திட்ட மாட்டார். அதை அவிழ்த்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது செய்தித்தாளில் தின்பண்டம் கட்டக் கூடாது. மையில் ஈயம் போன்ற கெடுதலான பொருள்கள் இருக்கின்றன என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2023இல் எச்சரித்திருக்கிறது. அதனால் பட்டர் பேப்பர், வண்ணக் காகிதம், வெள்ளை நூல்கண்டு, பச்சை நூல் வாங்கி வந்தேன். மூன்று மாதிரி செய்தோம். உங்கள் பேரப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலாவது, பேய்ப் பொட்டலம். ஒரு சாண் சதுரத்தில் வெள்ளைப் பட்டர் பேப்பர். நடுவில் உருண்டை. காகிதத்தை மேலிருந்து மூடுவது போலக் கவிழ்த்து, உருண்டைக்குக் கீழே கழுத்து மாதிரி நூலால் கட்டிவிட வேண்டும். மிச்சக் காகிதம் பாவாடை போல விரியும். பேனாவால் இரண்டு கண், ஒரு வாய். பேய் தயார். காகிதம் கட்டுவதற்கு முன்பே முகத்தை வரைந்துவிட்டால் மை உருண்டையில் படாது, காயவும் நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, பூசணிப் பொட்டலம். உருண்டையை முதலில் பட்டர் பேப்பரில் சுற்ற வேண்டும். அதை ஆரஞ்சு வண்ணக் காகிதத்தின் நடுவில் வைத்து, நாலு பக்கத்தையும் மேலே கூட்டி முறுக்கி, பச்சை நூலால் கட்டினால் முறுக்கிய நுனியே காம்பு. எங்கள் வீட்டுப் பூசணிகளுக்குப் பேத்தி மீசை வரைந்தாள், ஒரகடம் சாலையில் பார்த்த அதே மீசை.

மூன்றாவது, சூனியக்காரி தொப்பி. இது எனக்குக் கைவந்த கலை. கறுப்புத் தாளில் நம் கடலைப் பொட்டலக் கூம்புதான். உள்ளே பட்டர் பேப்பரில் சுற்றிய பொரி உருண்டையை வைத்து, வாயை மடித்து ஒட்டி, கவிழ்த்து, ஒரு வட்ட அட்டை மேல் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். "தாத்தா, உங்க கடையில தொப்பி வித்தீங்களா?" என்றாள் பேத்தி.

காகித வேலை வெள்ளிக்கிழமை மத்தியானமே முடிந்தது. மொத்தம் 30. சாயங்காலம் பாகு வைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி பாகுப் பதம் பார்ப்பதை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஒரு சொட்டு பாகு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அப்படியே பார்த்தேன். உருண்டது. அடுப்பை அணைத்து, வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறினேன். உருட்டினேன். பிடிக்கும்போது உருண்டை, தட்டில் வைத்தால் அடை. பேத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மகள் வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். ஒன்று சொல்ல வேண்டும். பங்குனிக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் வந்து நின்றதில்லை. வருவாள், கூடத்தில் உட்காருவாள், நான் காபி போட்டுக் கொண்டுபோனால் குடிப்பாள், போய்விடுவாள். நானும் கேட்டதில்லை.

அன்றைக்கு வெல்ல வாசனைக்கோ என்னவோ, வாசற்படியில் வந்து நின்று தட்டைப் பார்த்தாள்.

"எப்படிப் பதம் பார்த்தீங்க?"

சொன்னேன்.

"அது அதிரசப் பாகுப்பா" என்றாள்.

கைப்பையைக் கீழே வைத்தாள். கை கழுவினாள். நான் ஒதுங்கிக்கொண்டேன். மறுபடியும் வெல்லம் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் ஏற்றினாள். கொதித்து நுரை கட்டியதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்து, எவர்சில்வர் தட்டில் போட்டாள். 'டங்' என்று சத்தம் வந்தது.

"இப்படிச் சத்தம் வரணும். அம்மா இதை எடுத்து என் காதுகிட்ட போட்டுக் காட்டுவாங்க."

அதற்குப் பிறகு பேசவில்லை. கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் மளமளவென்று பிடித்தாள். கண்ணில் நீர் வந்தது. கையில் மாவு இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள். வெல்லப் புகை என்று நினைத்துக்கொண்டேன் என்பது போல நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அளவு கேட்பவர்களுக்கு: 2 கப் கடலைக்கு 1 கப் வெல்லம், கால் கப் தண்ணீர், கொஞ்சம் ஏலக்காய், சுக்குப் பொடி. பொரி உருண்டைக்கு நாலைந்து கப் பொரிக்கு 1 கப் வெல்லம். பாகு அதே 'டங்' பதம்தான். சில பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. அதனால் தொப்பிக்குள் பொரி மட்டும், பேயிலும் பூசணியிலும் கடலை என்று பிரித்துவைத்தோம். பொரிக்குத் தனிப் பாத்திரம், தனிப் பாகு, மேடையைத் துடைத்துவிட்டுச் செய்தாள். கொடுக்கும்போது கேட்டுவிட்டுக் கொடுங்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு உருண்டையே வேண்டாம், தொண்டையில் மாட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எலும்புக்கூடு, காட்டேரி, பழைய வேட்டியைப் போர்த்திய ஒரு குட்டிப் பேய் எல்லாம் வந்தார்கள். சாக்லேட் பைகளுக்கு நடுவே என் பொட்டலம் எடுபடுமா என்று சந்தேகம் இருந்தது. வேட்டிப் பேய் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "தாத்தா, என் தங்கச்சி வரல, அவளுக்கும் ஒண்ணு" என்றது. பின்னால் அதன் அம்மா, "எங்களுக்கு ஒரே பையன்தான் சார்" என்று சிரித்தார். இரண்டாகவே கொடுத்தேன்.

ஒரு பேய்ப் பொட்டலத்தைப் பேத்தி யாருக்கும் கொடுக்காமல் எடுத்துவைத்திருந்தாள். என்னோடு வீட்டுக்கு வந்து, அவள் ஆயா படத்துக்கு முன்னால் அவிழ்த்துவைத்தாள். காலையில் எறும்பு மொய்த்திருந்தது. "ஆயா பாதி சாப்பிட்டுட்டாங்க" என்றாள். இருக்கலாம்.

இந்தப் பங்குனியில் முதல் வருஷத் திதி முடிந்தது. இந்த வருஷத் தீபாவளிக்கு, அக்டோபர் 20 அன்று, எண்ணெய்ச் சட்டி வைத்தாயிற்று. மகள்தான் வந்து அதிரசம் சுட்டாள். அம்மா அளவுக்கு வரவில்லை என்று அவளே சொன்னாள். உண்மைதான், கொஞ்சம் விரிந்துபோயிற்று. நான் நான்கு சாப்பிட்டேன்.

நேற்று அவளே போன் செய்தாள். "அப்பா, 31ஆம் தேதிக்கு வெல்லம் ஒரு கிலோ போதுமா? போன வருஷம் பத்தலையே." ஒன்றரைக் கிலோ வாங்கச் சொல்லியிருக்கிறேன். காகிதம் வெட்டுகிற வேலை இன்று ஆரம்பம். வாசகர்களில் யாருக்காவது அவிழாத பொட்டலம் கட்டத் தெரிந்தால், அதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நம்மோடு போய்விட வேண்டாம்.