ஜோடியில்லாத நடனம்

சிலி நாட்டின் குவேக்கா ஜோடி நடனம். ஆணும் பெண்ணும் கைக்குட்டையைச் சுழற்றியபடி ஒருவரையொருவர் சுற்றிவந்து ஆடுவார்கள். 1979இல் ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் அரசு இதைத் தேசிய நடனமாகவே அறிவித்தது. ஆனால், அதற்கு முந்தைய ஆண்டே சில பெண்கள் இதைத் தனியாக ஆடத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, நெஞ்சில் குத்திய ஒரு புகைப்படம். எதிரே ஆடவேண்டியவரை ராணுவம் கொண்டுபோய்விட்டது. அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் அவர்களின் கால்கள் நகர்ந்தன.

1988இல் பினோசே நீடிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு வந்தது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு தரப்புக்கும் தினம் 15 நிமிடம், அதுவும் பெரும்பாலும் இரவு வெகுநேரம் கழித்து!

‘வேண்டாம்’ அணியில் பலர் சித்திரவதைகளையே காட்ட நினைத்தார்கள். விளம்பரக்காரர்களோ வானவில்லையும், மகிழ்ச்சி வரப்போகிறது என்று துள்ளும் ஒரு பாட்டையும் கொண்டுவந்தார்கள். குளிர்பான விளம்பரமா இது என்று சொந்த அணியிலேயே முணுமுணுப்பு. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும், பயந்து கிடந்த ஜனத்துக்கு முதலில் பயம் தெளியவேண்டியிருந்தது. அதே நிகழ்ச்சியில் தனிக் குவேக்காவும் வந்தது. துக்கத்தை அந்த அணியினர் முழுக்க மறைக்கவில்லை.

பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்ததாகச் சொல்வது மிகை. ஊர் ஊராக வாக்காளர்களைப் பதியவைத்த தொண்டர்களின் உழைப்பும் அதில் உண்டு. அக்டோபர் 5 அன்று ‘வேண்டாம்’ சுமார் 56 சதவீதம் பெற்றது.

1990 மார்ச்சில், புதிய அதிபர் பதவியேற்ற மறுநாள், சாண்டியாகோ தேசிய மைதானத்தில் அந்தப் பெண்கள் மீண்டும் ஆடினார்கள். 1973இல் ராணுவம் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த அதே மைதானம்.