கப்பலேறும் முன்

காத்திவாக்கத்தார்க்குக் கடல் பிழைப்பு, உல்லாசமன்று. ஆயினும், 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் புறப்பட்டது முதல், பிள்ளைகளின் ஆசையைத் தட்ட இயலாத பெற்றோர் சிலர் என்னிடமும் யோசனை கேட்கின்றனர். (பங்குச் சாமியாரிடம் கேட்கும் காரியமா இது என்று நகைக்க வேண்டாம்.)

விருந்து, ஆடல்பாடல், விழா என எப்பெயரில் பயணம் அமைந்தாலும், நான் வற்புறுத்துவது ஒன்றே: அபாயகாலப் பயிற்சிக்குக் குழந்தைகளோடு செல்லுங்கள். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோர்க்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதுமென்பதே அந்நாளைய விதி. 2015 முதல், புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

ஏழு குறுஞ்சங்கொலியும் ஒரு நெடுஞ்சங்கொலியும் கேட்டால் எங்கே கூடுவதென்று கடைக்குட்டிக்கும் தெரிந்திருக்கட்டும். சிறுவர்க்குரிய மிதவை அங்கியை அப்போதே கேட்டு வாங்குங்கள். பெரியவரின் அங்கி குழந்தையின் உடலில் தங்காது.