பதின்மூன்றுக்கு வயது என்ன?

பதின்மூன்று ஆகாத எண் என்பவர்களிடம் காரணம் கேட்டால் பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. இயேசுவின் கடைசி இராவுணவில் பந்தியில் இருந்தவர்கள் 13 பேர், அதில் ஒருவன் யூதாஸ் என்பார் ஒருவர். வடதேசத்து நார்ஸ் தேவர்களின் விருந்துக்கு அழையாமல் வந்த பதின்மூன்றாவது ஆள் லோகி, அவனால்தான் பால்டர் மாண்டான் என்பார் இன்னொருவர். பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்திலேயே 13-ஆம் விதி கிடையாது என்பார் மற்றொருவர். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமையன்று பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப் டெம்ப்ளர் வீரத்துறவிகளைக் கூண்டோடு பிடித்ததுதான் தொடக்கம் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. நான்கு ஊர்களில் நான்கு தேதிகளில் பிறந்ததாக ஒருவர் நான்கு சான்றிதழ்களை நீட்டினால் தாலுகா அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்? இந்த எண்ணின் மீதும் அதே சந்தேகம் வரவேண்டும். என் கணிப்பில் 13 குறித்த அச்சம் அதைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் காட்டும் காலத்தைவிட மிக இளையது. அச்சம் முதலில் வந்தது, வம்சாவளி பிறகு எழுதப்பட்டது.

ஹமுராபியின் கல்தூண் 1901-இல் ஈரானின் சூசாவில் கிடைத்தது. அதில் விதிகளுக்கு எண்ணே இல்லை, எழுத்து ஒரே ஓட்டமாக ஓடுகிறது. மறு ஆண்டு அதைப் பதிப்பித்த பிரெஞ்சு அறிஞர் வின்சென்ட் ஷெயில் கொடுத்தவைதான் இன்று நாம் காணும் எண்கள். லோகியின் கதையும் அப்படித்தான். நார்ஸ் புராணங்களைச் சொல்லும் ‘எட்டா’ நூலில் பால்டர் மடிவது தேவர்கள் கூடி விளையாடும் இடத்தில். அங்கே விருந்தும் இல்லை, விருந்தாளிகளை யாரும் எண்ணவும் இல்லை. டெம்ப்ளர் கைது உண்மை, கிழமையும் தேதியும் சரி. ஆனால் அதற்கும் வெள்ளி பதின்மூன்றுக்கும் முடிச்சுப் போட்டது இருபதாம் நூற்றாண்டு. இடைப்பட்ட அறுநூறு ஆண்டுகள் அந்த நாளைக் கண்டு யாரும் நடுங்கியதாகத் தெரியவில்லை. வெள்ளி தனியாகவும் 13 தனியாகவும் பழிசுமந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கூட்டுச் சேர்ந்தன. 1907-இல் தாமஸ் லாசன் என்ற அமெரிக்கப் பங்குச்சந்தைக்காரர் அதையே தலைப்பாக்கி ஒரு நாவல் எழுதியபின் அந்தக் கூட்டு ஊரறிந்ததாயிற்று.

மிஞ்சுவது கடைசி இராவுணவு. இதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. பந்தியில் இருந்தவர்கள் உண்மையிலேயே 13 பேர்தான். ஆனால் அந்தப் பந்தியை உயிராக மதித்த இடைக்கால கிறிஸ்தவர்கள் 13-ஐ அஞ்சியதாகக் காணோம், விரும்பிப் பின்பற்றினார்கள். சிஸ்டர்சியன் துறவிகள் புது மடம் தொடங்க ஒரு மடத்தலைவரும் பன்னிரண்டு துறவிகளும் போகவேண்டும் என்பது விதி. போப் கிரகோரி தினமும் பன்னிரண்டு ஏழைகளுக்குச் சோறிட்டபோது பதின்மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் ஒரு தேவதூதர் என்று மரபுக்கதை. ரோமை வீட்டுவாசலில் வைத்திருக்கும் இத்தாலியர்களுக்கோ இன்றும் 17-தான் ஆகாத எண். ஸ்பானியர்கள் 13-ஐ அஞ்சுவது செவ்வாய்க்கிழமையில். இராவுணவின் 13-உம் சிலுவையேற்றம் நடந்த வெள்ளியும்தான் காரணம் என்றால் இவர்களல்லவா முதலில் பயந்திருக்க வேண்டும்?

எழுத்தில் இல்லாததால் மக்கள் மனத்திலும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாமரர் பயந்ததையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? எழுதி வைத்தார்கள் என்பதுதான் விஷயம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோர்ம்ஸ் நகர ஆயர் புர்க்கார்ட், பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை நீண்ட பட்டியலாகவே தொகுத்தார். பயணம் போகையில் காக்கை இடமிருந்து வலம் கரைந்து போனால் நல்லது என்று நம்பினாயா என்பது அதில் ஒன்று. நம் ஊர்ப் பெரியவர் யாரோ எழுதியதோ என்று தோன்றும். நாட்காட்டிகளும் சும்மா இருக்கவில்லை. நம் பஞ்சாங்கத்துக் கரிநாட்களைப் போல, ‘எகிப்திய நாட்கள்’ என்று மாதத்துக்கு இரண்டு ஆகாத நாட்களைக் குறித்து வைத்தன. பதின்மூன்றாம் தேதி என்பதற்காக எந்த மாதத்திலும் எந்த நாளும் ஒதுக்கப்படவில்லை. அச்சுக்கும் முந்திய அந்த எகிப்திய நாட்களை இன்று ஐரோப்பாவில் யாரும் நினைப்பதில்லை. பழையது என்பதால் ஒரு நம்பிக்கை நிலைத்துவிடுவதில்லை.

13 பேர் பந்தியில் அமர்ந்தால் ஆண்டுக்குள் ஒருவர் சாவார் என்ற பேச்சு இங்கிலாந்தில் எழுத்துக்கு வருவது பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில். 1711-இல் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அதைக் கிண்டல் செய்தார். கூட்டத்தில் 13 பேர் என்று ஒரு கிழவி கண்டுபிடித்ததும் பலர் வெலவெலத்துப் போக, வந்திருந்த கர்ப்பிணியைக் காட்டி, ஆக நாம் பதினான்கு என்று ஒருவர் சமாளித்தாராம். அந்த நம்பிக்கை பலித்ததில் வியப்பில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு மூவர் இறப்பதாக வைத்துக்கொண்டால், எந்த 13 பேரிலும் ஒருவராவது ஆண்டுக்குள் இறக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருபது பேர் அமர்ந்தால் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. கணக்குப்படி அஞ்சவேண்டியது பெரிய பந்தியை! ஆனால் இருபது பேர் உண்ட வீட்டில் சாவு விழுந்தால் யாரும் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்பல்லோ 13 என்னாயிற்று என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். 1970 ஏப்ரல் 13 அன்று அதன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது மெய்தான். மூவரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதும் மெய். 1967-இல் மூன்று வீரர்களை ஏவுதளத்திலேயே தீக்கு இரையாக்கிய கலத்துக்கு அப்பல்லோ 1 என்று பெயர். அதற்காக யாரும் ஒன்றைக் கண்டு ஒதுங்கவில்லை. நம்மிடமோ பதின்மூன்றாம் திதியான திரயோதசியில்தான் பிரதோஷம்; அன்று மாலை சிவன் கோயிலில் நந்தியைப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட நம் நாட்டில், சுதந்திரத்துக்குப் பிறகு, ல கொர்புசியே திட்டமிட்ட சண்டிகர் நகரம் செக்டார் 12-லிருந்து நேரே 14-க்குத் தாவியது. 2020-இல்தான் மனிமாஜ்ராவுக்கு அந்த எண் கொடுக்கப்பட்டது. அறுபது எழுபது ஆண்டுகள் அங்கே விடுபட்டிருந்த எண், நம் பாட்டன்மார் யாரும் அஞ்சியது அல்ல.