சந்திரனுக்கான வரிசையில் நாங்களும் நின்றோம்

வரிசையில் நிற்பதைப் பற்றி எனக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் முற்பாதியில் இலங்கையில் வாழ்ந்த எவருக்குமே அது தேவைப்படாது. எரிவாயு சிலிண்டருக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, கடவுச்சீட்டுக்கு இன்னொரு வரிசை. என்னுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் நிரப்புவதற்காக நான் இரண்டு இரவுகள் வீதியோரத்தில் உறங்கியிருக்கிறேன். பவுசர் நாளை வரும் என்பார்கள். மறுநாள் கேட்டால் கையை விரிப்பார்கள். அந்த நாட்களில் எங்களை வருத்தியது கால்வலியோ வெயிலோ அல்ல. எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது தெரியாமையே எங்களைத் தின்றது.

அந்த யூலை மாதக் கடைசியில்தான் நான் அமெரிக்காவுக்குப் புறப்பட்டேன். ஜோர்ஜியா மாநிலத்தின் அத்லாந்தா நகரில் வசிக்கும் என் அக்கா நெடுங்காலமாக வரச்சொல்லிக்கொண்டிருந்தார். முன்பொருமுறை தொழில் நிமித்தம் பெற்ற விசா கைவசம் இருந்தது. பயணச்சீட்டை மருமகன் எடுத்து அனுப்பினான். அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்திருந்த காலமாதலால் அலுவலகத்தில் விடுமுறை பெறுவதும் சிரமமாக இருக்கவில்லை.

மருமகன் பொறியியலாளன். சிறுவயது முதலே விண்வெளிப் பித்துக் கொண்டவன். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவன் சொன்னான்: "மாமா, நீங்கள் சரியான நேரத்திலைதான் வந்திருக்கிறியள். சந்திரனுக்கு ரொக்கெட் விடப்போறாங்கள். கட்டாயம் போய்ப் பாக்கவேணும்."

அது ஆர்ட்டெமிஸ் 1. மனிதரைச் சந்திரனுக்கு மீண்டும் அனுப்பும் திட்டத்தின் முதற்படியாக, ஆட்களின்றி ஒரையன் விண்கலத்தைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பும் வெள்ளோட்டம். அப்பலோ 17இல் சென்றவர்கள் 1972 டிசம்பரில் திரும்பிய பின்னர் சந்திரனில் எவரும் கால்வைக்கவில்லை. அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு நிகழவிருந்தது என்பதால் அதனைப் பார்ப்பதற்கு அமெரிக்காவே கிளம்பிக்கொண்டிருந்தது.

புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி நிலையத்தின் பார்வையாளர் வளாகம் ஏவுதல்களைப் பார்ப்பதற்கு அனுமதிச்சீட்டுகளை விற்கிறது. அதிகம் பணம் கொடுப்பவர் ஏவுதளத்துக்குச் சற்றுக் கிட்டப் போகலாம். மருமகன் சீட்டு வாங்க முயன்ற கதையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விற்பனை தொடங்கிய காலை, வீட்டில் ஒரு கணினியும் அலுவலகக் கணினியும் இரண்டு கையடக்கத் தொலைபேசிகளுமாக அமர்ந்திருக்கிறான். இணையத்திலும் ஒரு வரிசை. திரையில் ஒரு சிறு கோடு மெல்ல மெல்ல ஊர்ந்திருக்கிறது. அவனது முறை வந்தபோது சீட்டுகள் தீர்ந்துவிட்டன. "பெற்றோல் முடிஞ்சுது எண்டு எழுதின பலகையைத் தொங்கவிட்ட மாதிரித்தானே?" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது.

சீட்டுக் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதென்று பொருளல்ல. ஏவுதளம் 39பி, அட்லாண்டிக் கரையோரமாக, மெரிட் தீவு என்னும் நிலப்பகுதியில் இருக்கிறது. அதற்கு மேற்கே இந்தியன் ஆறு என்று அழைக்கப்படும் அகன்ற உவர்நீர்ப் பரப்பு. மறுகரையில் டைட்டஸ்வில் என்ற சிறுநகர். அங்கிருந்து ஏவுதளம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். இடையில் மலையோ மாடிக்கட்டடமோ இல்லை. ஆற்றங்கரைப் பூங்காக்களில் நின்று பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. வாகனத்தை நிறுத்துவதற்குத்தான் பணம். ஏவுதல் நாட்களில் அவ்வூர்க் காணிக்காரர்கள் தமது புல்வெளிகளைத் தரிப்பிடங்களாக மாற்றிவிடுவார்கள். மருமகன் அவ்வாறான ஒரு காணியில் இடத்துக்கு முற்கொடுப்பனவு செலுத்தி, அந்தப் பற்றுச்சீட்டை அச்செடுத்து என் கையில் தந்தான். "இதுதான் மாமா எங்கடை ரிக்கற்."

பயணத் திட்டமென்று அவன் தயாரித்திருந்ததைப் பார்த்தபோது செய்தி ஆசிரியனாகிய எனக்கே பொறாமை உண்டாயிற்று. அத்லாந்தாவிலிருந்து காரில் ஏறத்தாழ எட்டு மணிநேரம். டைட்டஸ்வில்லில் விடுதி வாடகை பன்மடங்காகியிருந்தமையால் வடக்கே டேட்டோனாவில் அறை. அதுவும் இறுதி நேரத்தில் இரத்துச் செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலான பதிவு. "ஏன் அப்படி?" என்று கேட்டேன். அப்போது அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கு மூலம்: "மாமா, ரிக்கற் வாங்கினா நிக்கிறதுக்கு இடம் கிடைக்கும். ரொக்கெட் போறதுக்கு ஆரும் உத்தரவாதம் தரமாட்டினம்."

அக்கா வரமாட்டேன் என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. உந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். முகாமிலிருந்து ஷெல் புறப்படும் ஓசை கேட்டதும் எண்ணத் தொடங்குவது யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியவாறே பதுங்குகுழிக்குள் இறங்குவோம். எண்ணிக்கை ஏதோ ஓர் இலக்கத்தில் நிற்கும். எங்கே விழுந்தது, யார் தலையில் விழுந்தது என்பது பிறகுதான் தெரியவரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், இரண்டு வயது மகனைத் தோளில் சுமந்துகொண்டு, மழைக்குள்ளே சனநெரிசலில் நடந்தவர் அக்கா. நான் அப்போது கொழும்பில் இருந்தேன். அந்த இடப்பெயர்வைச் செய்தியாக எழுதினேன், அவர் நடந்தார். தோளில் இருந்த அந்தப் பிள்ளைதான் இப்போது ரொக்கெட் பார்க்க அழைக்கிறான்.

ஓகஸ்ட் 29, திங்கட்கிழமை, முதல் முயற்சி. மருமகனுக்கு வேலைநாள் என்பதால் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இயந்திரங்களில் ஒன்று தேவையான அளவு குளிரவில்லை என்று உணர்கருவி காட்டியது. ஏவுதல் கைவிடப்பட்டது. அடுத்த முயற்சி செப்ரெம்பர் 3, சனிக்கிழமை, பிற்பகல் 2.17க்கு என்று அறிவித்தார்கள். தொழிலாளர் தின நீண்ட வாரவிடுமுறை. மருமகன் துள்ளிக் குதித்தான். வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் காரில் ஏறும்போது அக்காவும் புளிச்சாதப் பொதியோடு வந்து பின்னாசனத்தில் அமர்ந்துவிட்டார். எதுவும் கேட்க வேண்டாம் என்று மருமகன் எனக்குக் கண்சாடை காட்டினான்.

விடியற்காலை மூன்று மணிக்கு டேட்டோனா. இரண்டு மணிநேரத் தூக்கம். ஆறரைக்கு டைட்டஸ்வில் ஆற்றங்கரையில் இருந்தோம். எங்களுக்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வந்துவிட்டனர். மடக்குக் கதிரைகள், குடைகள், பனிக்கட்டிப் பெட்டிகள், ஆளுயரத் தொலைநோக்கிகள். அப்பலோ காலத்தில் தகப்பனின் தோளில் அமர்ந்து பார்த்ததாகச் சொன்ன ஒரு முதியவர் தமது பேரப்பிள்ளைகளுடன் எங்கள் பக்கத்தில் இருந்தார். நீர்ப்பரப்புக்கு அப்பால், கானல் அலைகளுக்கிடையே, தீக்குச்சி அளவில் அது நின்றது. 98 மீற்றர் உயரம் என்று சொன்னால்தான் நம்ப முடியும்.

அதன் தாங்கிகளில் திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனுமாக 27 இலட்சம் லீற்றருக்கும் மேல் நிரப்பவேண்டும் என்று மருமகன் விளக்கினான். எங்கள் நாட்டில் அப்போது எரிபொருள் அட்டையின் கணக்குப்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். இரண்டையும் மனத்துக்குள் வகுத்துப் பார்க்க முயன்று கைவிட்டேன்.

எரிபொருள் நிரப்புமிடத்திலேயே சிக்கல் முளைத்தது. ஐதரசன் மிகச் சிறிய மூலக்கூறு. அதைத் திரவமாக வைத்திருக்கப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், அடைப்பு இறுகும், மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் வாயு கசியும். அன்று கசிந்தது. குழாயும் ரொக்கெட்டும் இணையும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாகக் கசிந்தது. திருத்துவதற்குச் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. முற்பகல் 11.17க்கு ஏவுதல் பணிப்பாளர் சார்லி பிளாக்வெல் தொம்சன் அன்றைய முயற்சியை நிறுத்தினார்.

ஆற்றங்கரை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் கூச்சலை எதிர்பார்த்தேன். எங்கள் பெற்றோல் வரிசைகளில் கண்ட கைகலப்புகள் நினைவில் இருந்தன. இங்கே எவரும் சத்தமிடவில்லை. பக்கத்து முதியவர் குடையை மடித்தபடி பேரப்பிள்ளைகளுக்கு ஐதரசன் கசிவை விளக்கிக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியில் நாசாவின் நேரடி ஒலிபரப்பு ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தது. எந்தக் குழாய், எவ்வளவு கசிவு, என்ன செய்து பார்த்தார்கள், ஏன் போதவில்லை என்பன எல்லாம் அங்கு நின்ற சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தன.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதுபவன் என்ற முறையில் எனக்கு அது உறைத்தது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள மனிதரால் முடியும். காரணம் சொல்லப்படாத தாமதம்தான் மனிதரை மிருகமாக்குகிறது. எங்கள் வரிசைகளில் பவுசர் ஏன் வரவில்லை என்று யாராவது ஒருவர் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் உறங்கியிருப்பார்கள்.

திரும்பும் வழியில் வாகனங்கள் எறும்பு வரிசையாக நகர்ந்தன. மருமகன் முகம் வாடிப்போயிருந்தது. நான் அவனுக்கு சலஞ்சர் விண்ணோடத்தின் கதையைச் சொன்னேன். 1986 சனவரி 28ஆம் திகதி அது வெடித்துச் சிதறியபோது நான் உயர்தர மாணவன். வானொலியில் கேட்டேன். புறப்பட்டு 73ஆவது விநாடியில் அது சிதறியது, ஏழு பேரும் மடிந்தனர். முதல்நாளிரவு, கடுங்குளிரில் அடைப்பு வளையங்கள் சரிவர இயங்கமாட்டா, ஏவவேண்டாம் என்று உந்துகலத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்களே எச்சரித்திருந்தார்கள். அவர்களது சொல் எடுபடவில்லை. "இண்டைக்கு அந்தப் பெண்மணி வேண்டாம் எண்டு சொன்னதை நாங்கள் பாத்தனாங்கள். அதுவும் பாக்கவேண்டிய காட்சிதான்" என்றேன். அவன் அரைமனதோடு தலையசைத்தான். அக்கா எதுவும் பேசவில்லை. புளிச்சாதத்தைப் பிரித்து எங்களுக்குப் பரிமாறினார்.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். அம்மாதக் கடைசியில் இயன் சூறாவளிக்கு அஞ்சி ரொக்கெட்டைக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். நவம்பரில் மீண்டும் வெளியே கொணர்ந்தபோது நிக்கோல் சூறாவளி வந்தது. கடைசியில் நவம்பர் 16ஆம் திகதி அதிகாலை என்று முடிவாயிற்று. மருமகன் விடுமுறை எடுத்துக்கொண்டான். இம்முறை புறப்படச் சொல்லி அவசரப்படுத்தியவர் அக்காதான் என்று பின்னர் அறிந்தேன்.

அங்கே நள்ளிரவு கடந்து, இங்கே நண்பகல். செய்தி அறையில் அமர்ந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் ஐதரசன் கசிவு. இம்முறை எரிபொருள் நிரம்பி நின்ற அந்த ரொக்கெட்டின் அடிக்கு மூன்று தொழில்நுட்பவியலாளர்கள் நேரில் சென்றார்கள். தளர்ந்திருந்த இணைப்பின் நட்டுகளைக் கையால் முறுக்கி இறுக்கிவிட்டுத் திரும்பினார்கள். எத்தனையோ கணினிகள் சூழ்ந்த ஒரு வேலை கடைசியில் ஒரு சாவியிலும் மூன்று மனிதரின் துணிவிலும் வந்து நின்றது. அதன்பின் கண்காணிப்பு ராடருக்கான வலையமைப்புக் கருவியொன்று பழுதாகி, அதையும் மாற்றவேண்டியிருந்தது.

எங்கள் நேரம் 12.17க்குச் சற்று முன்பு மருமகனின் அழைப்பு வந்தது. பேசவில்லை. தொலைபேசியை ஆற்றை நோக்கி நீட்டிப் பிடித்திருந்தான் போலும். முதலில் சனங்களின் ஆரவாரம். பிறகு திடீரென அமைதி. ஒளி உடனே வந்துவிடும், 20 கிலோமீற்றர் கடந்து ஒலி வர ஏறத்தாழ ஒரு நிமிடமாகும். அந்த அமைதிக்குள் ஒரு குரல் மட்டும் மெல்லக் கேட்டது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. அக்காவின் குரல்.

ஐம்பத்தாறில் சத்தம் வந்தது. தொலைபேசியின் சிறிய ஒலிவாங்கி அதைத் தாங்காமல் கரகரத்தது. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததைப் பக்கத்து மேசை இளைஞர் சொன்ன பின்பே கவனித்தேன்.

வெகுநேரம் கழித்து அக்கா பேசினார். "தம்பி, சத்தம் பெரிசுதான். நெஞ்சுக்குள்ளை இடிச்சுது. ஆனா எங்கை இருந்து வருது, எங்கை போகுது எண்டு தெரிஞ்சால் பயமில்லை."

அன்றைய செய்தியை நானே எழுதினேன். முதற்பக்கத்தில் நான்கு பந்திகள். அக்கா சொன்னதை அதில் சேர்க்க இடமிருக்கவில்லை. டிசம்பர் 11ஆம் திகதி ஒரையன் பசுபிக் கடலில் பத்திரமாக இறங்கிய செய்தியையும் எழுதிவிட்டுத்தான் மேசை இலாச்சியைத் திறந்தேன். செப்ரெம்பர் 3ஆம் திகதிக்குரிய வாகனத் தரிப்பிடப் பற்றுச்சீட்டு அதற்குள் கிடந்தது. இன்னமும் அங்கேதான் கிடக்கிறது.

ஏவுதல் பார்க்கப் போக விரும்பும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சீட்டுக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஆற்றங்கரை இருக்கிறது. இரத்துச் செய்யக்கூடிய அறையைப் பதிவுசெய்யுங்கள். குடை, தண்ணீர், கட்டுச்சோறு மறவாதீர்கள். திரும்பிவரும் நாளை இறுக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். போகத் தயங்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.